உப்பங்கழியின் விருந்தாளர்

ஆபிரிக்காவின் ஏரிக்கரைகளிலே பறவை பார்ப்பதற்கென்று பெரும்பொருள் செலவிட்டுச் செல்வோர் இன்று உலகெங்கும் உளர். கென்யா நாட்டின் நக்குரு ஏரி, பொட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோச் சதுப்பு நிலம், தன்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளி ஆகிய இடங்களுக்கு வழிகாட்டி ஒருவர் அவர்களை விடியுமுன்னரே அழைத்துச் செல்வார். எந்தப் பறவை எங்கே நிற்கும், எக்குரல் எதற்குரியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்பயணத்துக்குச் 'சபாரி' என்று பெயர். நமது மாட்டுவண்டிச் சவாரியை அது நினைவூட்டினாலும் இரண்டுக்கும் உறவில்லை. பயணம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லொன்று சுவாகிலி மொழியிற் புகுந்து, அங்கிருந்து உலக மொழிகளுக்குப் பரவியதே அது.

கடல் கடந்து அத்துணைத் தூரம் செல்ல இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. அத்தகைய பயணமொன்றைத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்தே தொடங்கலாம். யானையும் சிங்கமும் எதிர்ப்படமாட்டா. ஆனால் ஆபிரிக்க ஏரிகளுக்குப் பெரும்புகழ் தேடித் தந்த பூநாரை எதிர்ப்படும். சைபீரியாவின் பனிவெளியிலே முட்டையிலிருந்து வெளிவந்த சிறு உள்ளானும் எதிர்ப்படும். இவற்றைக் காண வேண்டிய காலம் மார்கழி முதல் பங்குனி வரை. வாடைக் காற்றோடு வந்த மாரிமழை ஓய்ந்து, களப்புகளில் நீர் வற்றத் தொடங்கிச் சேறு வெளிப்படும் நாள்களே பறவைகளுக்கு விருந்து நாள்கள்.

செம்மண்ணிலிருந்து சேற்றுக்கு

திருநெல்வேலி பறவைகளுக்குப் பேர்போன ஊர் அன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியும், அவ்விடத்தில் 1974இல் உருவான பல்கலைக்கழக வளாகமும், இடையறாத சந்தை ஆரவாரமும், வெங்காயமும் கத்தரியும் விளையும் செம்மண் தோட்டங்களுமே அதன் அடையாளங்கள். ஆயினும் தோட்டத்து வேலியிலேயே நமது முதற் பாடம் தொடங்கிவிடுகிறது. இரட்டைவால் விரித்து மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிக்குருவியை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. தென்னிலங்கையிலிருந்து வரும் பறவை ஆர்வலரோ அதைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்வார். இலங்கையில் அக்குருவி பெரும்பாலும் வடபுலத்துக்கும் அதை அடுத்த வறண்ட கரையோரத்துக்குமே உரியது. புதர்களிடையே விடியற்காலையிற் கூவும் கௌதாரியும் அவ்வாறே. வங்கக் கடலின் ஒடுங்கிய நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழகத்தோடு நமக்குள்ள நெருக்கத்தை இப்பறவைகள் காட்டுகின்றன.

திருநெல்வேலியிலிருந்து கிழக்கே இருபாலை, கோப்பாய் வழியாகக் கைதடி நோக்கிச் சென்றால் செம்மண் முடிந்து உப்பாற்றுக் கடனீரேரி விரியும். தென்மேற்கே யாழ்ப்பாண நகரைக் கடந்து சென்றால் பண்ணைத் தாம்போதியும் மண்டைதீவுக் கரையும் வரும். இன்னும் நெடுந்தூரம் செல்லத் துணிந்தால் சாவகச்சேரி, கொடிகாமம், பளை ஆகியவற்றைக் கடந்து, ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் ஆனையிறவும், அதற்குக் கிழக்கே சுண்டிக்குளமும் உள்ளன. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. சரசாலைப் பக்கத்துக் கண்டற் புதர்களையும் தரவைகளையும் சேர்த்துப் பார்த்தால், குடாநாட்டின் எந்தத் திசையிற் சென்றாலும் ஒரு மணி நேரத்துள் பறவை நிறைந்த நீர்நிலை ஒன்றை அடையலாம் எனலாம்.

கரையை அடைந்ததும் அவசரப்படலாகாது. ஞாயிறு நமக்குப் பின்னால் இருக்குமாறு நிற்க வேண்டும். வெள்ளாடை ஆகாது. சேற்றில் இறங்கிப் பறவைகளை எழுப்பிப் படம் எடுப்பது பெருந்தீங்கு. நெடும்பயணத்துக்கென்று அவை தம் உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பைச் சில நொடிகளிற் செலவழிக்கச் செய்வதாகும் அது. அசையாமல் சிறிது நேரம் நின்றால், வெறுஞ் சேறென்று தோன்றியது மெல்ல மெல்ல உயிர் பெறும்.

அருகே, நீர் விளிம்பில் ஓடி ஓடிக் கொத்துபவை உள்ளான்கள். அவற்றுள் மிகச் சிறியது இருபத்தைந்து கிராம் அளவே நிறையுள்ளது. இரண்டு மூன்று வெற்றிலைச் சுருளின் பாரம். அவ்வளவு சிறிய உடல் வடதுருவத்தை அடுத்த பனிவெளியிலிருந்து இமயத்தையும் பாலைகளையும் கடந்து இங்கு வந்து சேர்கிறது. சற்று அப்பால், நீண்ட அலகைச் சேற்றில் ஆழ ஊன்றி இரை தேடும் கூட்டம் மூக்கன் இனத்தது. ஆழமான நீரில் மிதப்பவை ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும். களங்கட்டிக் கம்புகளில் ஒன்றுக்கொன்று இடம்விட்டு இறகு உலர்த்துபவை நீர்க்காகங்கள். தலைக்கு மேல் வட்டமிட்டுத் திடீரென நீரிற் பாய்பவை ஆலாக்கள். இவையெல்லாவற்றுக்கும் பின்னால், கடனீரேரியின் நடுவே, வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட கோடு தெரியும். அக்கோடு அசையும்போதுதான் அவை பூநாரைகள் என்பது விளங்கும்.

வழியின் முடிவில் ஒரு வாசல்

பறவைகள் பருவந்தோறும் வந்து திரும்பும் இவ்வழக்கத்தை 'வலசை போதல்' என்பர். நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். குமரித் துறையிலிருந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலைப் பிசிராந்தையார் விளித்த பாடல் புறநானூற்றில் உண்டு. செங்கால் நாரையை வறுமைக்குத் தூதாக விடுத்த சத்திமுத்தப் புலவரின் பாடலும் நம்மவர் பலருக்கு மனப்பாடம். பறவை எத்திசையிலிருந்து வந்து எத்திசைக்குத் திரும்புகிறது என்பதைக் கண்ணாற் கண்டவர்களே அவ்வாறு பாட இயலும்.

இன்றைய அறிஞர்கள் ஆசியாவின் நடுப்பகுதி வழியாகச் செல்லும் இவ்வான்வழியை மத்திய ஆசிய வலசைப் பாதை என்கின்றனர். வடதுருவக் கரையில் தொடங்கும் இப்பாதை இலங்கையோடு ஏறத்தாழ முடிவடைகிறது. நமக்குத் தெற்கே தென்துருவம் வரை பெருநிலம் எதுவும் இல்லை. தமிழகத்துக் கோடிக்கரையிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் பறவைக்குக் குடாநாடே முதல் நிலம். கோடிக்கரையிலே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். நம் பக்கத்தில் கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அண்மைக் காலத்தில் மன்னாரிலே கடற்காகங்களின் உடலில் சிறு கருவி பொருத்திச் செய்மதி வழியாகப் பின்தொடர்ந்தனர். அப்பறவைகள் இந்தியாவின் மேலாகச் சென்று உருசியாவின் வடதுருவக் கரையை அடைந்தமை 2021இல் தெரியவந்தது. மன்னார் வங்காலைக் களப்பு அதற்கு முன்னரே, 2010இல், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டிருந்தது.

இலங்கையையும் ஆபிரிக்காவையும் பறவைகளால் இணைத்துப் பார்த்த முன்னோடி ஒருவரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டில் அரசுப் பணியாற்றிய எட்கார் லேயார்ட் என்னும் ஆங்கிலேயர், வடபகுதி உட்படப் பல இடங்களிற் கண்ட பறவைகளைக் குறித்துவைத்து, 1853இலும் 1854இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். பின்னர் அவர் தென்னாபிரிக்கா சென்று, கேப்டவுன் நூதனசாலையின் பொறுப்பாளராகி, அந்நாட்டுப் பறவைகள் பற்றிய நூலை 1867இல் வெளியிட்டார். பறவைக் கலையில் அவர் பயின்ற பள்ளிகளுள் நமது நாடும் ஒன்று.

உப்பின் வேலை

பூநாரையின் அலகு நடுவே வளைந்தது. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாகும்படி நீரில் அமிழ்த்தி, நாவை உந்துகோல்போல் முன்னும் பின்னும் அசைத்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களிலுள்ள சீப்புப் பற்கள் நீரை விட்டு இரையைத் தடுத்துக்கொள்ளும். நமது பெண்கள் அரிசியைச் சுளகிற் புடைக்கும் வேலையைப் பூநாரை தன் வாய்க்குள்ளேயே செய்து முடிக்கிறது. அந்த இரையிலும் அதற்கு இரையாகும் பாசியிலும் உள்ள நிறப்பொருளே அதன் இறகைச் சிவப்பிக்கிறது. உணவு மாறினால் நிறமும் வெளிறிவிடும்.

இந்த இரை வளர்வதற்கு உப்பு வேண்டும். நன்னீரில் மீன்கள் பெருகிச் சிறு பூச்சிகளையும் கூனி போன்ற நுண்ணுயிர்களையும் உண்டுவிடும். உவர் மிகுந்த நீரில் பெரும்பாலான மீன்கள் வாழ முடிவதில்லை. எனவே அங்கே அச்சிற்றுயிர்கள் அளவின்றிப் பெருகுகின்றன. உப்பே பூநாரையின் வயலுக்கு வேலி. பிறர் புகாத வயலில் அது தனித்து மேய்கிறது. உப்பளங்களை அது விரும்புவதும் இதனாலேயே. நமக்குப் பயனற்றதாகத் தோன்றும் உவர்ப் பரப்பு அதற்குப் பொன்விளையும் பூமி.

பூநாரை இலங்கையிற் கூடு கட்டுவதில்லை. நமக்கு அண்மையில் அது பெருந்தொகையாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. 1940களில் சாலிம் அலி அங்கே சென்று அவற்றின் மண்கூடுகளின் நகரத்தைக் கண்டு எழுதினார். ஆகவே யாழ்ப்பாணத்தில் நிற்கும் பூநாரை விருந்தாளியே. வேண்டியது கிடைக்காவிட்டால் அது முறையிடாது. அடுத்த ஆண்டு வராது.

இரு ஏரிகள் கூறும் செய்தி

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள பூந்தலக் களப்புகள் ஒருகாலத்தில் இலங்கையின் பூநாரைத் தலைநகராக விளங்கின. 1990இல் இந்நாட்டின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டதும் அதுவே. 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் அமைந்தது. வறண்ட நிலம் வயலாயிற்று. அந்த வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிக்கல, மலல என்னும் களப்புகளில் இறங்கிற்று. உவர் குறைந்தது, நீர் ஆழமாயிற்று, சம்பும் பிற நீர்ச்செடிகளும் மண்டின. ஆயிரக்கணக்கில் வந்த பூநாரைகள் குறைந்து குறைந்து, ஈற்றில் அரிய காட்சியாயின. யாரும் அவற்றைச் சுடவில்லை, துரத்தவும் இல்லை. வயலுக்குப் பாய்ச்சிய நல்ல தண்ணீரின் மிச்சமே அவற்றை வெளியேற்றியது.

ஆபிரிக்காவிலும் இக்கதை நிகழ்ந்தது. நக்குரு ஏரியின் பெரும் பூநாரைக் கூட்டம் உலகப் புகழ்பெற்றது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் அவ்வேரியின் நீர்மட்டம் உயரத் தொடங்கிற்று. பூங்காவின் பிரதான வாயிலே நீரில் மூழ்கிற்று. கார உப்பு நீர்த்துப் போக, பூநாரைக்கு உணவான நீலப்பச்சைப் பாசி குன்றியது. பறவைகளிற் பெரும்பகுதி போகோரியா முதலிய வேறு ஏரிகளை நாடின. அங்கே காரணம் மழையும் நிலத்தின் இயல்பும். பூந்தலவிற் காரணம் மனிதன் வெட்டிய வாய்க்கால். விளைவு இரண்டிலும் ஒன்றே.

நமது தண்ணீர்க் கவலை

இச்செய்தி யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு வெறும் வேடிக்கைக் கதை அன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதையே கிணறுகளில் இறைத்துக் குடிக்கிறோம், பயிருக்கும் பாய்ச்சுகிறோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த அவகாசம் குறைந்தது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலெழும். தோட்டத்திற் கொட்டும் பசளையின் உப்புச்சத்தும் கிணற்றிலேயே சென்று சேரும். திருநெல்வேலித் தோட்டக்காரரிடம் சென்று, பறவைக்காகக் களப்பு உவராகவே இருக்கட்டும் என்று சொல்வோமானால், அவர் நம்மை உற்றுப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் இக்கவலையிலிருந்து பிறந்தது. கனகராயன் ஆறு வன்னியிலிருந்து கொண்டுவரும் மழைநீர் ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்ந்து, சுண்டிக்குளம் வழியாகக் கிழக்குக் கடலில் வீணே கலக்கிறது. அதனை அணையிட்டுத் தடுத்து, ஏரியின் உவரைப் படிப்படியாக நீக்கி, முள்ளியான் வழியாகக் கால்வாய் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக் கடனீரேரிக்கும் கொண்டு சென்றால், குடாநாட்டுக் கிணறுகள் நன்னீரால் ஊறும் என்பது அவர் கணிப்பு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆனையிறவுப் பகுதியின் வேலை நிறைவெய்தவில்லை. பின்னர் போர் வந்தது. ஆனையிறவு போர்க்களமாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னரும் முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. மனிதன் கால்வைக்க அஞ்சிய நிலங்களை அடுத்த களப்பிலும் பறவைகள் பருவந்தவறாது வந்து மேய்ந்தன. அத்திட்டத்துக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டுமென்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது.

இடைக்காலத்தில் வேறு வழிகளும் ஆராயப்பட்டன. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தங்கள் வயலின் நீரைப் பற்றிய அவர்கள் அச்சம் நியாயமானதே. பின்னர் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் வழங்க வல்லது அது. அதற்கு மின்செலவு மிகுதி. அது கடலில் விடும் கழிவுப்பை எண்ணி அப்பகுதி மீனவர் கவலை தெரிவித்தனர். எனினும் குடிநீருக்காகக் களப்பை முழுதும் நன்னீராக்கியே தீரவேண்டும் என்ற நெருக்கடியை அது ஓரளவு தளர்த்தியிருக்கிறது. சிந்திப்பதற்கு நமக்குச் சிறிது அவகாசம் கிடைத்துள்ளது.

அந்த அவகாசத்தில் நாம் தெளியவேண்டியது ஒன்று உண்டு. கடனீரேரி 'சும்மா கிடக்கும்' நிலம் என்ற எண்ணம் தவறு. அதன் உவரில் இறால் வளர்கிறது. களங்கட்டி மீனவர் குடும்பம் பிழைக்கிறது. கண்டற் காடு கரையைக் காக்கிறது. பூநாரைக்கு விருந்தும் அங்கேதான். கிணறு ஊறுவதற்காக இதில் எவ்வளவு பகுதியை விட்டுக்கொடுக்கலாம் என்பது கேட்கத்தக்க கேள்வி. உப்பாற்றில் ஒரு பகுதி நன்னீராகட்டும், சுண்டிக்குளம் உவராகவே இருக்கட்டும் என்று பங்கிட முடியுமா என்பதும் ஆராயத்தக்கது. ஆனால் களப்பில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை என்ற கணக்கோடு அணை கட்டத் தொடங்கினால், பூந்தலவில் நிகழ்ந்தது இங்கும் நிகழும்; நிகழ்ந்த பிறகே நமக்குத் தெரியவரும்.

நமது வழிகாட்டிகள்

ஆபிரிக்காவில் வழிகாட்டியாக உயர்ந்தவர்களிற் பலர் அந்தந்தப் புல்வெளியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நமது களப்பிலும் அத்தகையோர் உளர். இடுப்பளவு நீரிற் காலையும் மாலையும் நடந்து இறால் பிடிப்பவருக்கு, எந்தக் காற்றில் நீர் எப்பக்கம் ஒதுங்கும், எந்த மாதத்தில் எந்தத் திடலில் பறவை இறங்கும் என்பது தெரியும். சோளகம் எழுந்ததும் எவை முதலிற் புறப்படும் என்பதையும் அவர் சொல்வார். வெளியூர்ப் பறவை ஆர்வலர் வரும்போது அவரையே கூலி கொடுத்து அழைத்துச் செல்வோமானால், பறவையைக் காப்பதில் அவருக்கும் பங்கு உண்டாகும். சரணாலயம் என்ற பெயரால் தம் தொழிலைத் தடுத்தவர்களையே இதுவரை கண்ட அம்மக்களுக்கு அது புதுமையாகவும் இருக்கும்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி ஆசிய நாடுகள் பலவற்றிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987 முதல் தொடர்ந்து வரும் பணி இது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்து விலங்கியல் மாணவர்களோடு சுற்றுவட்டாரப் பாடசாலைச் சிறுவர் சிலரும், கைதடியிலோ சரசாலையிலோ ஒரு மீனவரின் பின்னே ஒரு காலைப்பொழுது நடந்து எண்ணினாற் போதும். ஐந்தாண்டு எண்ணினால் ஒரு கணக்கு உருவாகும். அணையைப் பற்றியும் கால்வாயைப் பற்றியும் அதிகாரிகள் பேச வரும்நாளில், தோட்டக்காரரின் கிணற்று அளவோடும் மீனவரின் இறால் நிறையோடும் சேர்த்து, அந்தச் சிறுவரின் குறிப்புப் புத்தகத்தையும் மேசையில் வைக்கலாம்.

வரும் மார்கழியில் மழை ஓய்ந்ததும், வாய்ப்புள்ள வாசகர் கோப்பாய் வழியே கைதடிப் பாலம் வரையேனும் ஒருமுறை விடியற்காலையிற் சென்று பார்க்கட்டும். தொலைநோக்கி இருந்தால் நன்று. இல்லாவிடினும் கண் போதும். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீரின் நடுவே இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால், அவ்வாண்டும் உப்பு இருக்கிறது என்று அறியலாம்.